பாய்மர உச்சியிலிருந்து ரேடியோ வரை: வி.எச்.எஃப் ஆன்டெனாவுக்குக் கேபிள் போடுவது

பாய்மரப் படகில், மற்றப் படகுகளோடும் கரையோடும் பேசும் வி.எச்.எஃப் ரேடியோ சரியாகக் கேட்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது ரேடியோவை. அடுத்தது ஆன்டெனாவை. இரண்டையும் புதிதாக வாங்கி மாட்டிவிட்டு, நடுவே கிடக்கும் பழைய கேபிளையும் அதன் முனைகளையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் ஒளிந்திருப்பது அங்கேதான். ரேடியோ 25 வாட் அனுப்பும். ஆன்டெனாவுக்கு அதில் பாதிகூடப் போய்ச் சேராது. ஆகவே இந்தப் பதிவு முழுக்கக் கேபிளையும் இணைப்புகளையும் பற்றியது. செலவும் உழைப்பும் போக வேண்டிய இடம் அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

ஆன்டெனாவை ஏன் உச்சியில் வைக்கிறோம்? கடல்சார் வி.எச்.எஃப் 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் போகின்றன. அடிவானத்தைத் தாண்டிக் கொஞ்சம்தான் வளையும். எனவே எவ்வளவு தூரம் எட்டும் என்பதை வாட்டைவிட உயரம்தான் தீர்மானிக்கிறது. ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டரோ, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். எதிர்முனைக்கும் இதே கணக்கைப் போட்டு இரண்டையும் கூட்ட வேண்டும். 16 மீட்டர் உயரப் பாய்மரம் இரண்டு படகிலும் இருந்தால் சுமார் 33 கிலோமீட்டர், அதாவது 18 கடல் மைல். இரண்டு படகிலும் ஆன்டெனா பின்பக்கக் கம்பித் தடுப்பில் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் 12 கிலோமீட்டரைக்கூடத் தொடாது.

உச்சிக்கு 3 டெசிபல் ஆன்டெனாவே போதும். (டெசிபல் என்பது ஆற்றல் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அலகு; 3 கூடினால் இரு மடங்கு, 3 குறைந்தால் பாதி.) 156.8 மெகாஹெர்ட்ஸில், அதாவது 16ஆம் சேனலில், அலைநீளம் 1.91 மீட்டர், அரை அலைநீளம் 96 சென்டிமீட்டர். கடைகளில் கிடைக்கும் ஒரு மீட்டர் எஃகுக் குச்சி ஆன்டெனா இந்த நீளம்தான். அரை அலை என்பதால் இதற்கு அடியில் தனியாக உலோகத் தளமோ எர்த் கம்பியோ வேண்டியதில்லை. 6 டெசிபல், 9 டெசிபல் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அவை மேலும் கீழும் போகும் ஆற்றலைக் குறைத்து, கிடைமட்டமான ஒரு மெல்லிய பட்டைக்குள் குவிக்கின்றன. நிமிர்ந்து ஓடும் மோட்டார் படகுக்கு அது லாபம். பாய்மரப் படகு 20, 25 டிகிரி சாய்ந்து ஓடும்போது அந்தப் பட்டையின் ஒரு பக்கம் கடலுக்குள்ளும் மறு பக்கம் வானத்துக்குள்ளும் போய்விடும்.

எந்தக் கேபிள்

எல்லாம் 50 ஓம் கோஆக்சியல் கேபிளாக (நடுக்கம்பி, அதைச் சுற்றி மின்காப்பு, அதன்மேல் கம்பிப் பின்னல், வெளியுறை என்று அடுக்கடுக்கானது) இருக்க வேண்டும். தொலைக்காட்சிக்குப் போடும் 75 ஓம் கேபிள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இங்கே ஆகாது. 15 மீட்டர் பாய்மரத்துக்குள், 5 மீட்டர் படகுக்குள், ஆக 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டு நான்கு வகைகளை ஒப்பிடுவோம். 5 மி.மீ. தடிமனுள்ள ஆர்.ஜி.58 இந்த நீளத்தில் 4 டெசிபல் தின்றுவிடும்; 25 வாட்டில் 10 வாட்தான் மேலே போகும். 6 மி.மீ. ஆர்.ஜி.8எக்ஸ் 3 டெசிபல் தின்னும், சரிபாதி, 12.5 வாட் மிஞ்சும். 10 மி.மீ. ஆர்.ஜி.213 இல் இழப்பு 1.8 டெசிபல் அளவுக்குத்தான். 16 வாட்டுக்குச் சற்று மேலே கிடைக்கும். அதே தடிமனுள்ள எல்.எம்.ஆர்.400 இல் இழப்பு 1 டெசிபல், ஏறத்தாழ 20 வாட்.

இழப்பு இரண்டு திசையிலும் உண்டு என்பதை மறக்கக்கூடாது. தூரத்துக் கைரேடியோவிலிருந்து வரும் நலிந்த குரலும் இதே கேபிள் வழியாகத்தான் இறங்கி வர வேண்டும். மொத்த இழப்பு 3 டெசிபலைத் தாண்டவிடாதீர்கள். அந்த வரம்பை வைத்துப் பார்த்தால் ஆர்.ஜி.58 பாய்மர உச்சிக்கு உதவாது. சில மீட்டர் கேபிளே தேவைப்படும் அவசர ஆன்டெனாவுக்கு அது சரி.

அப்படியானால் இழப்பு மிகக் குறைந்த எல்.எம்.ஆர்.400 தானே சிறந்தது? படகைப் பொறுத்தவரை எனக்கு அதில் தயக்கம் உண்டு. அதன் நடுக்கம்பி செம்பு பூசிய அலுமினியம். உறைக்குள் அலுமினியத் தாளும் இருக்கிறது. உப்புநீர் ஒரு சொட்டு உள்ளே போனாலும் அலுமினியம் வெள்ளைப் பொடியாகிவிடும். கேபிள் விறைப்பானது வேறு. வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னலும் பல இழை நடுக்கம்பியும் கொண்ட, கடல் உபயோகத்துக்கென்றே செய்த ஆர்.ஜி.213 தான் உயரமான பாய்மரத்துக்கு என் தேர்வு. சாதாரண ஆர்.ஜி.213 இல் பூச்சில்லாத செம்பு இருக்கும். வாங்கும்போது முனையை உரித்துப் பாருங்கள், பின்னல் வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டும். ஆர்.ஜி.213 மீட்டருக்கு 150 கிராம் என்பதால் 15 மீட்டருக்கு இரண்டே கால் கிலோ பாய்மரத்தில் ஏறும். சிறிய படகில் அந்தப் பாரம் உறுத்தும். பாய்மரம் 12 மீட்டருக்குள் இருந்து மொத்த நீளம் 16 மீட்டரைத் தாண்டாவிட்டால் ஆர்.ஜி.8எக்ஸ் போதுமானது. அதே 6 மி.மீ. தடிமனில் எல்.எம்.ஆர்.240 கிடைத்தால் 20 மீட்டருக்கு 2 டெசிபல்தான் போகும். ஆனால் அதிலும் அலுமினியத் தாள் உண்டு, முனைகளை இன்னும் கவனமாக அடைக்க வேண்டும்.

கனெக்டர்

ரேடியோவிலும் பெரும்பாலான ஆன்டெனாக்களிலும் இருப்பது எஸ்.ஓ.239 என்ற பெண் கனெக்டர். அதில் திருகுவது பி.எல்.259. பழங்காலத்து வடிவமைப்பு, தண்ணீரைத் தடுக்க அதற்குள் எதுவும் இல்லை. என்-வகைக் கனெக்டரில் ரப்பர் வளையம் உண்டு, மின் ரீதியாகவும் அது மேலானது. ஆன்டெனா அதற்குத் தோதாக வந்தால் அதையே போடுங்கள். இல்லாவிட்டால் பி.எல்.259 ஐ ஒழுங்காகச் சால்டர் செய்து, வெளியே நன்றாகச் சுற்றி அடைக்க வேண்டும். சால்டர் இல்லாமல் திருகி மாட்டும் ரகங்களும், கேபிளைக் குத்திப் பிடிக்கும் ரகங்களும் கடையில் கிடைக்கின்றன. ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் பாய்மர உச்சிக்கு அவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

வெள்ளிப் பூச்சும் வெள்ளை டெஃப்லான் உட்பகுதியும் உள்ள கனெக்டரை வாங்குங்கள். மலிவான நிக்கல் பூச்சில் சால்டர் ஒட்டாது. சூடு ஏற்றிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகி நடுக்கம்பி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சால்டர் செய்யும் இரும்பு 80 வாட்டாவது இருக்க வேண்டும், முனை அகலமாக இருக்க வேண்டும். சிறிய இரும்பை வைத்து ஒரு நிமிடம் சூடேற்றுவதைவிடப் பெரிய இரும்பை வைத்துச் சில விநாடிகளில் முடிப்பதுதான் கேபிளுக்கு நல்லது.

ஆர்.ஜி.213 க்கு வேலை இப்படிப் போகும். கனெக்டரின் வெளி வளையத்தையும் சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயையும் கேபிளில் முதலிலேயே நுழைத்துவிடுங்கள். சால்டர் முடிந்தபின் நுழைக்க வழியே இல்லை. முனையிலிருந்து 28 மி.மீ. நீளத்துக்கு வெளியுறையை உரியுங்கள். கத்தி பின்னலில் படக்கூடாது. தெரியும் பின்னல் முழுவதிலும் மெல்லியதாக ஈயம் ஏற்றுங்கள். இழைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு கெட்டியான குழாய்போல் ஆகிவிடும். ஆறியதும் முனையிலிருந்து 16 மி.மீ. வரை பின்னலையும் அதற்குள் இருக்கும் வெள்ளை மின்காப்பையும் வெட்டி எடுத்து நடுக்கம்பியை வெளிக்காட்டுங்கள். பின்னலின் விளிம்பை இன்னும் ஒரு மில்லிமீட்டர் பின்தள்ளி வெட்டுவது நல்லது. தனித்து நிற்கும் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். நடுக்கம்பிக்கும் ஈயம் ஏற்றி, கனெக்டரின் உடலை வெளியுறைமீது திருகுங்கள். அதன் உள்மரை உறையைக் கவ்விக்கொள்ளும். நான்கு துளைகள் வழியாகவும் பின்னல் தெரிய வேண்டும். துளைகளில் ஈயம் பாய்ச்சிய பிறகு முனைக் குழலிலும் பாய்ச்சுங்கள். நகராமல் ஆறவிட்டு, பிறகு வெளி வளையத்தைத் திருகுங்கள். ஆர்.ஜி.8எக்ஸ் என்றால் யு.ஜி.176 என்ற குறுக்கும் குழல் தேவை. பின்னலை அதன்மேல் மடித்துவிட்டு உடலுக்குள் திருக வேண்டும். பின்னல் மரைவரை நீளாதபடி கத்தரித்துக்கொள்ளுங்கள்.

உடனே மல்டிமீட்டரை எடுங்கள். இரு முனையும் திறந்திருக்கையில் நடுக்கம்பிக்கும் உடலுக்கும் இடையே எதுவும் காட்டக்கூடாது. சில நூறு கிலோ ஓம் காட்டினால்கூட உள்ளே ஈரமோ சால்டர் பசையோ இருக்கிறது என்று பொருள். பிறகு மறுமுனையில் இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்துப் பாருங்கள். ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். கனெக்டரை ஆட்டும்போது எண் துள்ளினால் சால்டர் பிடிக்கவில்லை. இந்தச் சோதனையை ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். பல ஆன்டெனாக்களின் அடியில் சுருள் இருப்பதால் நேர்மின்னோட்டத்துக்கு அவை ஷார்ட் போலவே காட்டும். அது கோளாறு கிடையாது.

பாய்மரத்துக்குள் இழுப்பது

பாய்மரத்தை இறக்கிக் கிடத்தி வேலை செய்ய வாய்த்தால் அதுபோல வசதி வேறில்லை. நிற்கும் பாய்மரத்தில் செய்வதானால் இரண்டு தனித்தனிக் கயிறுகளில் ஏற வேண்டும்.

மேல்முனைக் கனெக்டரைத் தரையில், மேசைமேல் வைத்தே சால்டர் செய்துவிடுங்கள். காற்றில் தொங்கிக்கொண்டு சால்டர் செய்தால் இரும்பின் சூடு நிற்காது. பி.எல்.259 இன் தடிமன் கிட்டத்தட்ட 18 மி.மீ.; அது பாய்மரத்தின் துளையில் நுழையாமல் போகலாம். அதனால் கனெக்டர் இல்லாத முனையை மேலிருந்து கீழே விடுங்கள். கேபிளின் எடையே பாதி வேலையைப் பார்த்துவிடும். கீழ்முனைக் கனெக்டர் எல்லாம் முடிந்தபின்.

பழைய கேபிள் உள்ளே இருந்தால் அதுவே வழிகாட்டி. அதன் மேல்முனையில் 3 மி.மீ. கயிறு ஒன்றை 30 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பக்கவாட்டில் வைத்து, நான்கைந்து இடத்தில் இறுக்கி, மேலே டேப் சுற்றிக் கூம்பாக்குங்கள். பெரிய முடிச்சு போட்டால் உள்ளே எங்காவது மாட்டும். பழையதைக் கீழே இழுத்ததும் கயிறு உள்ளே வந்துவிடும். அதே முறையில் புதுக் கேபிளைக் கட்டி இழுக்கலாம். கூடவே இன்னொரு வெறுங்கயிற்றையும் உள்ளே விட்டுவைத்தால் அடுத்த முறை கைகொடுக்கும்.

கேபிள் உள்ளே தொங்கினால் படகு உருளும்போதெல்லாம் பாய்மரச் சுவரில் அடித்துக்கொண்டே இருக்கும். தூக்கம் கெடுவது ஒரு பக்கம். உறை தேய்ந்து நீர் ஏறுவது இன்னொரு பக்கம். பாய் ஏற்றும் கயிறுகளும் அதே குழிக்குள் ஓடினால் அவை கேபிளை அறுத்தேவிடும். பாய்மரத்துக்குள் தனிக்குழாய் இருந்தால் அதில் விடுங்கள். குழாயைப் பிடிக்கும் ரிவெட்டின் வால் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் விரல்விட்டோ விளக்கடித்தோ பாருங்கள். குழாய் இல்லையென்றால் அரை மீட்டருக்கு ஒரு இடத்தில் மூன்று நீளமான கேபிள் டைகளை மூன்று திசையில் வால் நீட்டும்படி இறுக்கி, வாலை வெட்டாமல் விடலாம். அந்த வால்கள் கேபிளைச் சுவரிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்ளும். கயிறுகள் உள்ளே ஓடும் பாய்மரத்தில் இந்த வழி ஆகாது. வால்களில் கயிறு சிக்கும்.

உச்சியில் கேபிளின் பாரம் கனெக்டரில் தொங்கக்கூடாது. பாய்மரத்திலிருந்து வெளியே வரும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டு, அதற்குக் கொஞ்சம் உள்ளேயே கேபிளை ஒரு போல்ட்டிலோ பிடியிலோ கட்டி எடையை அதில் ஏற்றுங்கள். துளையிலிருந்து வெளிவந்த கேபிள் ஒருமுறை கீழே தாழ்ந்து பிறகு ஆன்டெனாவுக்கு ஏற வேண்டும். மழைநீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும். வளைவின் ஆரம் கேபிளின் தடிமனைப்போல் 10 மடங்காவது இருக்கட்டும், ஆர்.ஜி.213 க்கு 10 சென்டிமீட்டர். ஆன்டெனாவின் தாங்கி துருப்பிடிக்காத எஃகு, பாய்மரம் அலுமினியம். இரண்டும் உப்புநீரில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். திருகுகளுக்கு மரை வெட்டி, அரிப்புத் தடுப்புப் பசை தடவி, தாங்கிக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்து முடுக்குங்கள். ஏ.ஐ.எஸ். (கப்பல்கள் தங்கள் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் தானாக அறிவிக்கும் கருவி) ஆன்டெனாவும் உச்சியில் இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டராவது இடம் வேண்டும். அவ்வளவு இடம் பெரும்பாலும் கிடைக்காது என்பதால் ஏ.ஐ.எஸ். ஆன்டெனாவைப் பின்பக்கம் வைப்பதே நடைமுறை. ஒரே ஆன்டெனாவைப் பகிர்வதானால் அதற்கென்றே உள்ள ஸ்பிளிட்டர் கருவி தேவை. வெறும் டி-கனெக்டரைப் போட்டால் ரேடியோ அனுப்பும் ஆற்றல் ஏ.ஐ.எஸ். கருவிக்குள்ளும் பாய்ந்து அதைக் கருக்கிவிடலாம்.

தண்ணீர்

கேபிளைக் கொல்வது தண்ணீர்தான். கனெக்டர் வழியாக நுழையும் ஈரம் பின்னலின் இழைகளுக்கு நடுவே தந்துகி விசையால் மீட்டர் கணக்கில் பயணிக்கும். இழைகள் கறுத்துப்போகும், களிம்பு ஏறும், இழப்பு கூடிக்கொண்டே போகும். அப்போதும் மல்டிமீட்டரில் பெரும்பாலும் எல்லாம் சரியாகவே காட்டும். பழைய கேபிளின் முனையை உரித்துப் பார்த்துப் பின்னல் கறுத்திருந்தால் ஒரு கை நீளம் வெட்டி மறுபடி பாருங்கள். அங்கேயும் கறுப்பு என்றால் கேபிளையே மாற்றுங்கள். புதுக் கனெக்டர் போட்டு அதை மீட்க முடியாது.

அடைப்பதற்குத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்தான் சரி. இரண்டு மடங்கு நீளும்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதி மூடும்படி சுற்றுங்கள். இழுக்காமல் சுற்றினால் ஒன்றோடொன்று இணையாது. கேபிளில் 5 சென்டிமீட்டர் கீழே தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும்; அப்போதுதான் கூரை ஓடு அடுக்கியதைப்போல மேல் சுற்று கீழ்ச் சுற்றின்மேல் படிந்து நீரை வெளியே தள்ளும். வெயிலில் ரப்பர் வெடிக்கும் என்பதால் அதன்மேல் புற ஊதாக் கதிரைத் தாங்கும் வினைல் டேப் ஒரு சுற்று. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் பசையைக் கனெக்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்; இறுகும்போது அது விடும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும்.

பாய்மர அடியில் கேபிள் தளத்தைக் கடக்கும் இடம் அடுத்த பலவீனம். தளத்தின்மேல் திறந்தவெளியில் கனெக்டர் வைப்பதை முடிந்தவரை தவிருங்கள். கேபிளை முழுதாக நீர்புகா கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடித்து நீரைத் தடுக்கும் பொருத்தி) வழியே உள்ளே இறக்கி, தளத்துக்குக் கீழே உலர்ந்த இடத்தில் பி.எல்.258 என்ற நடு இணைப்பைப் போட்டு, பாய்மரத்தை இறக்கும்போது கழற்ற வசதியாக அரை மீட்டர் கூடுதல் கேபிளைச் சுருட்டிவையுங்கள். நல்ல இணைப்பு ஒன்றில் இழப்பு மிகச் சொற்பம். கிளாண்டின் துளை 10 மி.மீ. கேபிளுக்குப் போதுமா என்பதை வாங்கும்போதே பாருங்கள். பலவற்றில் கனெக்டர் நுழையாது. ஆகவே கீழ்முனைச் சால்டர் வேலை படகுக்குள்தான்.

அளந்து பார்ப்பது

ஆன்டெனா இணைக்காமல் அனுப்பும் பொத்தானை அழுத்தக்கூடாது; திரும்பி வரும் ஆற்றல் ரேடியோவின் இறுதிநிலை டிரான்சிஸ்டரைக் கெடுக்கலாம். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை (அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது; எதுவுமே திரும்பாவிட்டால் 1) ரேடியோவுக்கும் கேபிளுக்கும் இடையே மாட்டி, 1 வாட்டில், யாரும் பேசாத ஒரு பேச்சுச் சேனலில் அளவெடுங்கள். அபாய அழைப்புக்கான 16ஆம் சேனலும் டிஜிட்டல் அழைப்புக்கான 70ஆம் சேனலும் இதற்கு இல்லை. மீட்டர் 150 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கு உரியதாக இருக்க வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி. ரேடியோவுக்கான மலிவு மீட்டர் பொய் சொல்லும். 1.5 க்குள் இருந்தால் அருமை, 2 வரை பொறுக்கலாம், 3 ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டுக் கோளாறைத் தேடுங்கள்.

இங்கே பலரும் ஏமாறும் ஒரு விஷயம் உண்டு. இழப்பு அதிகமுள்ள கேபிள் எஸ்.டபிள்யூ.ஆரை அழகாகக் காட்டும். 30 மீட்டர் ஆர்.ஜி.58 இல் இழப்பு 6 டெசிபல். உச்சியில் ஆன்டெனாவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்: போன ஆற்றல் முழுதும் திரும்புகிறது. ஆனால் போகும்போது 6, வரும்போது 6, ஆக 12 டெசிபல் வழியிலேயே சூடாகிப் போய்விடுகிறது. ரேடியோ முனையில் மீட்டர் 1.7 காட்டும்! நல்ல ஆர்.ஜி.213 இல் 20 மீட்டருக்கு அதே கோளாறு 5 க்குப் பக்கத்தில் காட்டிக் கொடுத்துவிடும். ஆகையால் கேபிளைச் சோதிக்க உண்மையான வழி, பாய்மரம் கிடத்தப்பட்டிருக்கும்போது மேல்முனையில் 50 ஓம் டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதிலாக ஆற்றலை வாங்கிக்கொள்ளும் மின்தடை) மாட்டி, இரு முனையிலும் வாட்டை அளப்பதுதான். கீழே 25, மேலே 16 என்று வந்தால் ஆர்.ஜி.213 க்குச் சரி. மேலே 8 வந்தால் கேபிள் போய்விட்டது.

இவ்வளவும் சரியாக இருந்தும் தூரக் குரல்கள் கேட்கவில்லையா? உச்சியிலுள்ள எல்.இ.டி. விளக்கைச் சந்தேகியுங்கள். அதன் மின்சுற்று ரேடியோ இரைச்சலைக் கக்கலாம். ஆன்டெனா பக்கத்திலேயே இருக்கிறது. 2018இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதுபற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. சோதிப்பது எளிது: விளக்கை அணைத்து, அமைதியான சேனலில் ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகி) இரைச்சல் நிற்கும் விளிம்பில் வையுங்கள். விளக்கைப் போட்டதும் இரைச்சல் மீண்டும் கேட்டால் குற்றவாளி அதுதான். விளக்கின் கம்பியில் மாட்டும், இரைச்சலைக் குறைக்கும் ஃபெரைட் வளையம் சில சமயம் உதவும். பெரும்பாலும் விளக்கை மாற்றுவதே தீர்வு.

மின்சாரப் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. 25 வாட்டில் அனுப்பும்போது ரேடியோ 5, 6 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர், 2.5 சதுர மி.மீ. கம்பியில் 0.4 வோல்ட் விழும், 4 சதுர மி.மீ. கம்பியில் 0.26. நான் 4 போடச் சொல்வேன். ஃபியூஸ் ரேடியோவின் கையேட்டில் உள்ளபடி.

பாய்மரம் முறிந்தால் அதோடு ஆன்டெனாவும் போகும், உதவி கேட்க வேண்டிய நேரமும் அதுவே. ஒரு குட்டி ஆன்டெனாவைக் கேபிளும் பி.எல்.259 உம் பொருத்திய நிலையிலேயே ரேடியோவுக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். கேபிள் நீளம் பின்பக்கக் கம்பித் தடுப்பை எட்ட வேண்டும். ரேடியோவின் பின்புறக் கனெக்டரைக் கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே திருகி மாற்ற முடிகிறதா என்று துறைமுகத்தில் நிற்கும்போதே ஒருமுறை மாட்டிப் பேசிப் பார்த்துவிடுங்கள்.